பசையுள்ள மாப்பிள்ளை

பெண்ணுக்கு வரன் தேடிய காலத்தில் என் மாமனார் தரகரிடம், "கொஞ்சம் பசையுள்ள இடமாப் பாருங்க" என்று சொன்னாராம். தரகர் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கொடுத்த வாக்கை நான் நிறைவேற்ற இருபத்திரண்டு வருஷம் பிடித்தது. போன வைகாசியில் கும்பகோணத்தில் மாமனார் வீட்டு வாசலில் இறங்கியபோது என் விரல் இடுக்கில் பசை, சட்டைக் கையில் பசை, மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காது மடங்காதபடி பசை.

மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைகிறது. மைத்துனர் மோதிரம் போடப் போகிறார், சின்ன மச்சினி துபாயிலிருந்து ஏதோ பெரிதாகக் கொண்டுவருகிறாள் என்று செய்தி வந்த அன்று இரவு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நாம என்ன செய்யறோம்?"

அன்று தேதி 24. சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது மாதச் சம்பளக்காரனுக்குக் கலையார்வம் பொங்குவது இயற்கை. "கடையில காசைக் கொடுத்து வாங்கி நீட்டறதுல என்ன இருக்கு? அவங்க ஐம்பது வருஷத்தையும் படமும் குறிப்புமா ஒட்டி ஒரு ஸ்கிராப் புக் பண்ணிடுவோம். நம்ம கையால. சல்லிக்காசு செலவில்லை. எல்லாம் வீட்டிலேயே இருக்கு" என்றேன்.

'எல்லாம் வீட்டிலேயே இருக்கு' என்பது எங்கள் வீட்டில் வழக்கமாக என் மனைவி பரணைக் காட்டி என்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. அதை நான் பெருமையாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

நான் எதையும் தூக்கிப் போடாதவன். புதுச் சட்டையின் முதுகில் இருக்கும் அட்டை, புடவைப் பெட்டி ரிப்பன், சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாள், பரிசுப் பொருளைச் சுற்றிவந்த பூப்போட்ட காகிதம் (செலோ டேப்பை நகத்தால் பிரித்து, கசங்காமல் உருவியது), மொய்க் கவர் (ஒட்டியிருந்த ஒரு ரூபாயை எடுத்த பிறகு) என்று பரணில் ஒரு காகிதச் சுரங்கமே இருக்கிறது. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் "எதுக்காவது ஆகும்" என்பேன். இதோ, அந்த 'எதுக்காவது' ஒருவழியாக வந்துவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

சுரங்கத்தில் பெரிய கனிவளம் கல்யாணப் பத்திரிகை. ஒரு சூட்கேஸ் நிறைய. தமிழ் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை சேர்வதற்குக் காரணம் சொந்தபந்தத்தின் மேல் உள்ள பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் பிள்ளையார். முகப்பில் அவர் உட்கார்ந்திருக்கிறார், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. எப்படிக் குப்பையில் போடுவது? பழைய பேப்பர்காரரிடமும் போட முடியாது, அடுப்பிலும் போட முடியாது. கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கே காதுகுத்து ஆன பிறகும் பத்திரிகை சூட்கேஸில் இருக்கும். அதன் ஜரிகைக் கரையையும் தங்க முலாம் பூசிய எழுத்தையும் பார்த்தபோது, கடையில் இதே மாதிரித் தாள் ஒன்று எழுபது எண்பது ரூபாய் இருக்குமே என்று என் மனம் துள்ளியது.

கத்தரியை எடுத்தேன். "சாமி படத்துல கத்தரி வைக்கக் கூடாது" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஆகவே ஒவ்வொரு பத்திரிகையிலும் முதலில் பிள்ளையாரைக் காயமில்லாமல் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தும்பிக்கை, காது, மூஞ்சூறு, பக்கத்தில் இருக்கும் கொழுக்கட்டை எதிலும் கத்தரி படாமல் சுற்றி வளைத்து வெட்ட வேண்டும். ஆலிலைப் பிள்ளையார், வெற்றிலைப் பிள்ளையார், குடைக்குக் கீழே ஒருவர், கோடு மட்டுமே ஆன நவீன ஓவியப் பிள்ளையார் ஒருவர் (இவருக்கு எங்கே முடிகிறது என்று தெரியாததால் அரைப் பத்திரிகையோடு விட்டுவிட்டேன்). இரண்டு ராத்திரியில் நாற்பத்தொரு பிள்ளையார் சேர்ந்தார்கள். ஆல்பத்தில் ஒட்ட ஒரு பக்கம்கூட ஆகவில்லை. பிள்ளையார்களை ஒரு துணிக்கடைக் கவரில் போட்டு வைத்தேன். "கும்பகோணம் போறப்ப எடுத்துட்டுப் போய் ஏதாவது கோயில் அரசமரத்தடியில வெச்சுடலாம்" என்றாள் மனைவி. கும்பகோணத்தில் கோயிலுக்கா பஞ்சம்!

மூன்றாம் நாள் காலை, அவள் ரவிக்கை வெட்டும் கத்தரியை வைத்துத்தான் இத்தனையும் செய்தேன் என்பது தெரியவந்தது. காகிதம் மிருதுவானதுதானே, துணியை வெட்டும் கத்தரிக்குக் காகிதத்தை வெட்டுவதில் என்ன கெடுதல் என்று வாதாடினேன். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: தாள் வழுவழுப்பாகவும் வெள்ளையாகவும் இருக்க ஆலையில் அதற்குள் சீனக்களிமண்ணும் சுண்ணாம்புப் பொடியும் சேர்க்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளப்பான தாளில் அது இன்னும் தாராளம். நாற்பத்தொரு பத்திரிகையை வெட்டுவது கத்தரியை மெல்லிய மண்ணில் தீட்டி மழுக்குவதற்குச் சமம். அந்தக் கத்தரி இப்போது துணியைக் கடிக்கிறது, வெட்டுவதில்லை. புதுக் கத்தரி 420 ரூபாய். 'சல்லிக்காசு செலவில்லை' என்ற கணக்கில் முதல் வரி இப்படி விழுந்தது.

அடுத்து எனக்குப் பழமைத் தோற்றம் தேவைப்பட்டது. ஐம்பது வருஷத்துக் கதையைப் பளிச்சென்ற வெள்ளைத் தாளில் சொன்னால் எடுபடுமா? காபி டிகாஷனில் தாளை நனைத்துக் காயவைத்தால் ஓலைச்சுவடி நிறம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வரத்தான் செய்கிறது. ஆனால் நான் எடுத்தது விடிகாலையில் இறங்கிய முதல் டிகாஷன். டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில் பிறந்தவளின் முதல் டிகாஷன். அன்று காலை வீட்டில் எல்லோருக்கும் இரண்டாம் டிகாஷன் காபிதான். யாரும் என்னோடு பேசவில்லை. மத்தியானம் கொடியில் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்த பன்னிரண்டு தாள்களைப் பார்த்து வேலைக்கு வரும் அம்மா, "யாரு வீட்டுப் பழைய பத்திரம் சார், மழையில நனைஞ்சிருச்சா?" என்று விசாரித்தார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். உண்மையில் டிகாஷனே தேவையில்லை. செய்தித்தாளை வெட்டி வைத்திருந்தால் போதும். மரத்தை அரைத்த கூழில் லிக்னின் அப்படியே தங்கிவிடுவதால், வெயிலும் காற்றும் பட்டால் அதுவாகவே பழுத்துவிடும். இது எனக்குத் தெரிந்தபோது டிகாஷன் தீர்ந்துவிட்டது.

படங்களுக்கு வருவோம். மாமா வீட்டுக் கல்யாண ஆல்பம் அந்தக் காலத்துக் கறுப்பு அட்டை; ஒவ்வொரு படத்தையும் நாலு முக்கோண மூலைகளில் செருகியிருப்பார்கள். எடுக்கலாம், பார்க்கலாம், திரும்பச் செருகலாம். இவ்வளவு அருமையான ஏற்பாட்டை ஒழித்துவிட்டுத்தான் பிற்காலத்தில் ஒட்டும் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் கல்யாணம் வரைக்கும் அதுதான் கௌரவம். அந்தப் பக்கத்தில் ஒருமுறை படத்தை வைத்தால் வைத்ததுதான். சில தம்பதிகள்கூட அவ்வளவு ஒட்டுதலாக இருப்பதில்லை. மாமாவின் மற்றப் படங்கள் எல்லாம் அதில்தான் மாட்டியிருந்தன. படத்துக்கு அடியில் நூலைக் கொடுத்து ரம்பம் அறுப்பது போல் மெல்ல இழுத்தால் கழன்று வரும். பொறுமையாக இழுத்தேன். வேட்டி வந்தது, சட்டை வந்தது, கழுத்து வந்தது. அங்கே எனக்கு ஒரு தும்மல் வந்தது. மனைவியின் பெரியப்பா இன்று அந்தப் படத்தில் மூக்கில்லாமல் நிற்கிறார். "அசலைத் தொடாதீங்க, கலர் ஜெராக்ஸ் எடுங்க" என்று நான் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தாள் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அவளே படிப்பாள். கலர் ஜெராக்ஸ், ஆட்டோவோடு 380.

இப்போது பசை.

வீட்டில் இருந்த பெவிகால் டப்பாவுக்குள் பசை இருந்தது, சுவரில் ஆணி அடிக்கலாம் போல. மூடியைத் திறந்து வைத்தது யார் என்ற விசாரணையை நான் ஊக்குவிக்கவில்லை. "மைதா இருக்கே, காய்ச்சிட்டாப் போச்சு" என்றேன். சின்ன வயதில் அப்பா கடித உறைக்குச் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்து ஒட்டுவார். தீபாவளி மலர் கிழிந்தால் மைதாப் பசை. தெருமுனையில் நோட்டு பைண்டிங் செய்யும் பெரியவரிடம் பக்குவம் கேட்டேன். "வெறும் மைதா வெச்சா கரப்பானுக்கு இலை போட்டு விருந்து வெச்ச மாதிரி சார். கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுங்க. ஒரு பூச்சி அண்டாது" என்றார்.

நாட்டு மருந்துக் கடையில் துத்தம் வாங்கி, தண்ணீரில் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினேன். கஞ்சி வெளுப்பு மாறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் துத்தத்தைப் போட்டேன். என்ன அழகான மயில்கழுத்து நீலம்! அதை ரசித்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள். நான் காய்ச்சிக்கொண்டிருந்தது பால் பாத்திரத்தில். கிளறிக்கொண்டிருந்தது சாம்பார்க் கரண்டியால். துத்தம் விஷம் என்பதை நான் அறிவேன்; பூச்சிக்கு மட்டும் என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரமும் கரண்டியும் அன்றே தோட்டக்கலைக்கு மாற்றலாயின. புதுசு 610.

இந்த அவஸ்தை முன்னாலேயே ஒரு பெரிய எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. மார்க் ட்வெய்ன் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டுவதில் பைத்தியம். பசைச் சட்டியோடு மல்லாடி அலுத்துப்போய், பக்கங்களிலேயே கோந்து தடவி வைத்து, தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப் புத்தகம் ஒன்றை உருவாக்கி 1873இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அது நன்றாக விற்றது. ஒரு எழுத்துகூட இல்லாத புத்தகத்தை விற்று ஓர் எழுத்தாளர் சம்பாதித்தார். அவர் பசையுள்ள ஆசாமி. நான் பசை காய்ச்சும் ஆசாமி.

ஒட்டும் வேலை இனிதாகத் தொடங்கியது. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கப் போனபோது ஆறு பக்கம் தயார். காலையில் பார்த்தால் ஆறும் அப்பளம் பொரித்த மாதிரி சுருண்டு கிடந்தன. பைண்டிங் பெரியவரிடம் ஓடினேன். அவர் ஒரு தாளைக் கையில் எடுத்து, இப்படி வளைத்து, அப்படி வளைத்து, "எந்தப் பக்கம் சுலபமா வளையுது பாருங்க. அதான் தாளோட ஓட்டம்" என்றார். ஆலையில் தாள் ஓடிவரும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. ஈரம் குடித்தால் அந்த நார் நீளத்தில் வளர்வது கொஞ்சம்தான்; குறுக்கே உப்புகிறது. நாற்பது தாண்டிய ஆண்பிள்ளை மாதிரி. உப்பின நிலையில் அட்டையில் ஒட்டிவிட்டால், காயும்போது சுருங்கி அட்டையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அட்டையின் மறுபக்கமும் ஒரு தாளை அதே ஓட்டத்தில் ஒட்டினால் இரண்டும் எதிரெதிராக இழுத்து அட்டை நேராக நிற்கும். பிறகு பாரம் வைத்துக் காயவிட வேண்டும்.

பாரத்துக்கு எங்கே போவது? அம்மியும் ஆட்டுக்கல்லும் எப்போதோ போய்விட்டன. அரிசி மூட்டை இருந்தது. 26 கிலோ. (25 கிலோ மூட்டைக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால் ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தப்பிக்கும் மூட்டை அது, கலைக்கு ஒரு கிலோ உபரி லாபம்.) மூன்று நாள் எங்கள் வீட்டில் சமையலுக்கு அரிசி எடுக்க வேண்டுமென்றால் என் அனுமதி தேவைப்பட்டது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம்.

கடைசியாகத் தலைப்பெழுத்து. என் கையெழுத்தில் எழுதினால் மருந்துச் சீட்டு என்று நினைத்துவிடுவார்கள். பத்திரிகைகளில் இருந்தே பெரிய எழுத்துகளை வெட்டிச் சேர்த்து மாமா, அத்தை பெயரைக் கோர்க்கத் தீர்மானித்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு அளவு. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தாவைக் கடத்திட்டீங்களாப்பா? எவ்வளவு பணம் கேக்கறீங்க?" என்றாள். அது பரவாயில்லை. அத்தையின் பெயர் 'ஞா'வில் தொடங்குகிறது. நாற்பத்தொரு பத்திரிகையிலும் தலைப்பளவில் ஒரு 'ஞா'கூடக் கிடையாது. பாதி ராத்திரியில் மூளை பளிச்சிட்டது: ஞாயிற்றுக்கிழமை!

தினசரிக் காலண்டர் தாளையும் நான் எறிவதில்லை. பின்பக்கம் பால் கணக்கு எழுதுவேன். போன வருஷத்துக் கட்டை அவிழ்த்து 'ஞா' தேடும்போதுதான் அந்த 16 கண்ணில் பட்டது. மாமாவின் கல்யாணத் தேதி மே 16. மே மாதத் தாள் பால் கணக்கோடு போய்விட்டிருந்தது. இந்த வருஷத்து மே 16 இன்னும் சுவரில்தான். வராத நாளைக் கிழிக்க என் மனைவி விடுவாளா? ஆனால் கையில் கிடைத்த இந்த 16 இருக்கிறதே, ரத்தச் சிவப்பு, அரைத்தாள் அளவு, அவ்வளவு லட்சணம். மாதப் பெயர் தெரியாமல் மேலே ஒரு ஜரிகைக் கரையை ஒட்டி, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த ஆல்பத்திலேயே சிறந்த பக்கம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கும்பகோணத்தில் மோதிரம் போட்டார்கள், பட்டு விரித்தார்கள். என் முறை வந்தது. மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் கால அட்டவணையின் அடிக்குறிப்புகளை ஆயுள் முழுக்கப் படித்த கண்கள். போதாக்குறைக்கு இரண்டு மாதம் முன்புதான் புரை நீக்கிப் புது லென்ஸ் வைத்திருந்தார்கள். தட்டுப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். ஊறுகாய்ப் பாட்டில் உட்பட. ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சுற்றிலும் சொந்தம் முழுக்கக் கூடி நின்றது. சிவப்பு 16 வந்தது. நின்றார். குனிந்தார்.

"மாப்பிள்ளை, இது எந்த மாசத்து 16?"

"மாசம் முக்கியமில்லை மாமா, தேதிதான்…"

"அதில்லை. கீழே பொடியெழுத்துல 'கரிநாள்'னு போட்டிருக்கே?"

தை மாதத்தின் முதல் மூன்று நாளும் பஞ்சாங்கத்தில் கரிநாள். ஜனவரி 16 எந்த வருஷத்திலும் அதற்குள்தான் விழும். பொங்கல் விடுமுறை என்பதால் அந்தச் சிவப்பு. இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. கல்யாணப் படத்தின் மேல் கரிநாள் முத்திரை குத்தி, ஐம்பதாம் வருஷத்தன்று கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சுட்டாள்.

மாமாதான் மௌனத்தைக் கலைத்தார். "விடுங்க மாப்பிள்ளை. ஐம்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். நீங்கதான் தைரியமா அச்சுல போட்டிருக்கீங்க."

"அச்சுல வந்தது சரிதான்," என்றார் அத்தை. "கரிநாள் யாருக்குன்னுதான் போடாம விட்டுட்டாங்க."

கூடம் சிரித்தது. அத்தை என்னிடம் திரும்பி, "அந்தத் துணிக்கடைக் கவர்ல என்ன மாப்பிள்ளை? வந்ததுலேர்ந்து கீழே வைக்காம வெச்சிருக்கீங்க" என்றார். பிள்ளையார்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்து, ஆலிலையில் படுத்திருந்த சின்னவரைத் தேர்ந்தெடுத்தார். சமையலறைக்குப் போய்ச் சாதப் பாத்திரத்திலிருந்து இரண்டு பருக்கை எடுத்துவந்து (இலையிலிருந்து எடுக்கவில்லை, எச்சில்), பிள்ளையாரின் முதுகில் நசுக்கி, 'கரிநாள்' எழுத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, இது நம்ம கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார் இல்ல? மிச்சப் பத்திரிகை எங்க?"

ஏழாம் பக்கத்தில் கரையாக இருந்தது. நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

போன வாரம் கும்பகோணம் போனபோது அந்த ஆல்பத்தைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். துத்தம் வேலை செய்திருக்கிறது, ஒரு பூச்சி அண்டவில்லை. ஆனால் நான் ஒட்டியது ஒவ்வொன்றாக வாய் பிளக்கிறது. பெரியப்பா பாதி கழன்று தொங்குகிறார், சிவப்பு 16இன் ஒரு மூலை எழும்பி நிற்கிறது. பிள்ளையார் மட்டும் இரண்டு பருக்கையில், போட்ட இடத்தில் படுத்திருக்கிறார்.